ரெண்டு சாம்பல் வளையம்

…அதாங்க நானும் கேக்கறேன், ஒரு சின்னப் புள்ளி வெச்சா என்ன சார் குறைஞ்சு போயிடுவாங்க? ஒரே ஒரு புள்ளி! சிவப்போ பச்சையோ, ஏதோ ஒரு கலரு. மாத்திரை மேலகூட எழுத்து போடறான். சட்டைக்குள்ள கழுத்துகிட்ட துண்டுத்துணி வெச்சுத் தைக்கறான், எப்படித் துவைக்கணும்னு படம் வேற போடறான். இதுக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது. மொட்டையா அனுப்பறான். வாங்கறவன் தலையெழுத்துன்னு விட்டுடறான். நீங்களே சொல்லுங்க, நியாயமா? நீங்க பாட்டுக் கேக்கறதா இருந்தா கேளுங்க சார், நான் ஒண்ணும் சொல்லல. ஓ, கழட்டிட்டீங்களா? நல்லது. அதை மாட்டிக்கிட்டே இருந்தா காது போயிடும்னு சொல்றாங்க.

கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கங்க, பையை மடியிலயே வெச்சுக்கறேன். மேல பலகையில வெக்கலாம்தான். ஆனா இந்த டிரைவர் ஓட்டற லட்சணத்துக்கு ஒரு பள்ளத்துல இறக்கினான்னா போச்சு. உள்ள இருக்கறது பாக்கத்தான் இரும்பு மாதிரி இருக்கும், கீழ விழுந்தா பீங்கான் தட்டு ஒடையற மாதிரி ஒடஞ்சுடும். என்னன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு, நீங்க எங்க இறங்கணும்? அட, எனக்கு முந்தின ஸ்டாப்பு. அப்ப நேரம் இருக்கு.

வளையம் சார். கோர்னு சொல்லுவோம் நாங்க. ராட்சசன் விரலுக்கு மோதிரம் செஞ்சா எப்படி இருக்கும், அந்த மாதிரி, உள்ளங்கை அகலத்துக்கு. சாம்பல் கலரு. ரேடியோவுக்கு. நீங்க நெனைக்கற பாட்டுப் போடற ரேடியோ இல்ல, ஹாம் ரேடியோ. நாமளே பேசி நாமளே கேக்கறது. லைசென்ஸ் எல்லாம் இருக்கு, அப்படிப் பாக்காதீங்க. எங்கண்ணனும் வெச்சிருக்காரு. அவரு வீட்டுக்குத்தான் போயிட்டிருக்கேன். மூணு மாசமா அவரு ரேடியோவுல வரல. சத்தமே இல்ல. அதுக்குக் காரணம் இந்தக் கோர்தான் சார், வேற ஒண்ணுமில்ல.

புரியற மாதிரி சொல்றேன். வீட்டுக்குள்ள ரேடியோப் பெட்டி. வெளிய மாடியில நீளமா ஒரு கம்பி, ஆன்டெனா. இதுக்கும் அதுக்கும் சுத்தமா ஒத்துப் போகாது. பெட்டி ஒண்ணு சொல்லும், கம்பி ஒண்ணு சொல்லும். நேரா இணைச்சீங்கன்னா பெட்டி குடுக்கறதுல பாதியைக் கம்பி வேணாம்னு திருப்பி அனுப்பிடும். அப்ப நடுவுல யாராவது ஒருத்தர் உக்காந்து சமாதானம் பண்ணி வெக்கணும்ல? அதான் ட்ரான்ஸ்ஃபார்மர். இந்த வளையத்துல செப்புக் கம்பியை இந்தப் பக்கத்துக்கு நாலு சுத்து, அந்தப் பக்கத்துக்குப் பன்னெண்டு சுத்து. முடிஞ்சுது வேலை. கேட்டா இவ்வளவுதான். ஆனா அந்த நாலு சுத்து போதுமா போதாதாங்கறது கம்பியில இல்ல சார், கோர்ல இருக்கு. கோரு என்ன சரக்குல செஞ்சதுங்கறதுல இருக்கு.

எங்க ரெண்டு பேருக்கும் கீழ் அலைதான். அலை நீளமா இருக்கும், நிதானமா ஆடும். சாயங்காலம் ஆயிடுச்சுன்னா நல்லாப் போகும். மேல் அலைன்னா சின்னதா, படபடன்னு ஆடும், அது வேற ஜாதி ஆளுங்க… தப்பா எடுத்துக்காதீங்க, அலையைச் சொல்றேன். நிதானமா ஆடறதுக்கு நல்லாப் பிடிச்சு வெக்கற கோர் வேணும். பிடிப்பு இல்லாத கோர்ல நாலு சுத்து போட்டா, அது சுத்து போட்ட மாதிரியே இருக்காது. கரெண்டு தன் பாட்டுக்கு உள்ள பாயும், கோர் சூடாகும், நம்ம குரலு வெளிய போகாம கோர் வெச்ச டப்பாவுக்குள்ளயே வெந்துக்கிட்டு இருக்கும். சுத்தை அதிகமாக்கலாமேன்னு கேப்பீங்க. கேக்கல, ஆனா கேப்பீங்க. ஆக்கலாம். ஆக்கிக்கிட்டே போனா கம்பி நீளமாயி வேற கோளாறெல்லாம் வரும். சரியான சரக்கை வாங்கறதுதான் வழி.

இதுல பாருங்க, இரும்புத்தூளை அழுத்திச் செஞ்ச வளையம்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு மட்டும் அழகா பெயின்ட் அடிச்சு அனுப்பறான். சிவப்புன்னா ஒரு வகை, மஞ்சள்னா ஒரு வகை. புதுசா வர்றவன் எல்லாம் நேரா அதுலதான் போய் விழறான். கலரைப் பாத்து மயங்கிடறான். அது நல்ல சரக்குதான், நான் குறை சொல்லல, ஆனா அதோட வேலையே வேற. கீழ் அலைக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் பண்ண அதை எடுத்தீங்கன்னா, கம்பி சுத்திச் சுத்தி ஓட்டையே அடைச்சுடும். நமக்கு வேண்டியது ஃபெரைட்னு ஒரு சரக்கு. அது சாம்பல். எல்லாமே சாம்பல். மாங்கனீஸ் கலந்தது சாம்பல், நிக்கல் கலந்ததும் சாம்பல். மாங்கனீஸுக்கு நல்லாப் பிடிப்பு, கீழ் அலைக்கு ஆகும். நிக்கல் பெரும்பாலும் மேல் அலைக்குத்தான் லாயக்கு. நடுவுல ரெண்டுங்கெட்டானா ஒண்ணு இருக்கு, அதை விடுங்க, அதுக்குள்ள போனா நீங்க ஸ்டாப்பைத் தவற விட்டுடுவீங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா, பாத்தாத் தெரியாது. தொட்டாத் தெரியாது. மோந்து பாத்தாத் தெரியாது. மோந்து பாத்திருக்கேன்.

கடைக்காரரு இருக்காரே, அவரு பெரிய மேதாவி. ஒரே டிராயர்ல எல்லாத்தையும் போட்டு வெச்சிருக்காரு. ரெண்டு வகையிலயும் ரெண்டு ரெண்டு குடுங்கன்னு கேட்டேன். எடுத்துக் குடுத்தாரு. ஏங்க, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கேன்னேன். கவர் மேல எழுதியிருக்கேன் பாருங்கன்னாரு. எழுதியிருந்தாரு, ஒத்துக்கறேன். ஆனா கவர் மேல எழுதினா அது கவரோட பேரு, கோரோட பேரு இல்லல்ல சார்? கவர் நாளைக்கே எங்கயோ போயிடும். போயிடுச்சு. அந்தக் கவருங்க நல்ல கெட்டியா, வாயை ஒட்டி மூடற மாதிரி இருந்துச்சு, அதுல நான் ஸ்க்ரூவைப் போட்டு வெச்சுட்டேன். பெரிய ஸ்க்ரூ ஒண்ணுல, சின்ன ஸ்க்ரூ ஒண்ணுல. வீட்டுல ஸ்க்ரூ எல்லாம் இப்ப ஒழுங்கா இருக்கு.

அதுக்காக நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. வீட்டுக்காரிகிட்ட நகப்பாலிஷ் கேட்டேன். புள்ளி வெக்கலாம்னுதான். அவ என்ன பண்ணா தெரியுமா, நாலு பாட்டிலைக் கொண்டுவந்து வெச்சு, எது வேணும்னு கேட்டா! ஒரு பாட்டில் குடுத்திருந்தா வெச்சிருப்பேன் சார். நாலு குடுத்தா யோசனை வராதா? சிவப்பு வெச்சா இரும்புத்தூள்னு நெனச்சுடுவாங்க. மஞ்சள் வெச்சாலும் அப்படியே. ஒண்ணு இந்த ரோஸ் கலரு, அது ஒரு ஆம்பளை வேலை பண்ற மேசையில… சரி, அதை விடுங்க. யோசிக்க யோசிக்கப் பாட்டிலெல்லாம் அவ எடுத்துட்டுப் போயிட்டா, எங்கயோ விசேஷத்துக்குப் போகணும்னு. நானும், எனக்கென்ன ஞாபக மறதியான்னு, மேசையில இடது பக்கம் கீழ் அலை, வலது பக்கம் மேல் அலைன்னு வெச்சுட்டேன். புள்ளியே வேணாம். எவ்வளவு சுலபம் பாருங்க.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கவா? புழுதி வருது. திறந்தே இருக்கட்டுமா? சரி, இருக்கட்டும்.

எங்கண்ணன் விஷயத்துக்கு வர்றேன். அவருக்கும் எனக்கும் ஒண்ணும் சண்டை கிண்டை கிடையாது. அதை முதல்லயே சொல்லிடறேன். பாக்கறது கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ரெண்டு மணி நேரம் பஸ்ஸு, அவரும் வரமாட்டாரு, நானும் போகமாட்டேன். ஆனா ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி தினம் ரேடியோவுல பேசிடுவோம். போன்ல பேசலாமேன்னு எல்லாரும் கேக்கறாங்க. போன்ல பேசினா எடுத்த உடனே என்னடா விஷயம்னு கேப்பாரு சார். விஷயம் இல்லன்னா வெச்சுடுவாரு. ரேடியோவுல விஷயமே வேணாம். எப்படிக் கேக்குதுன்னு அவரு கேப்பாரு, நல்லாக் கேக்குதுன்னு நான் சொல்லுவேன். எனக்கு எப்படிக் கேக்குதுன்னு நான் கேப்பேன், அவரு சொல்லுவாரு. அதுலயே அரை மணி நேரம் ஓடிடும். எங்கப்பா போனப்போகூட, காரியம் முடிஞ்சு அவங்கவங்க வீட்டுக்கு வந்த அன்னிக்குச் சாயங்காலம் அப்படித்தான் பேசினோம். நல்லாக் கேக்குதான்னாரு. கேக்குதுண்ணேன்னேன். அதுக்கு மேல ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல, ஆனா ரேடியோவை அணைக்கவும் இல்ல. பக்கத்துல உக்காந்த மாதிரி இருந்துச்சு.

நாங்க மட்டும் இல்ல. அதே அலையில ஒரு கூட்டமே சேரும். பல் டாக்டர் ஒருத்தர், லாரி ஓட்டறவர் ஒருத்தர், ஸ்கூல்ல கணக்கு சொல்லிக் குடுக்கற ஒரு அம்மா, இன்னும் நாலைஞ்சு பேரு. எங்கண்ணன்தான் பெரியவரு. அவருதான் ஒவ்வொருத்தரா பேரு கூப்பிட்டு, அடுத்து நீங்க பேசுங்க, அடுத்து நீங்கன்னு நடத்துவாரு. அதுல அவருக்கு ஒரு சின்னப் பெருமை. வெளிய சொல்லமாட்டாரு, ஆனா குரல்ல தெரியும்.

இந்த மழைக்காலத்துக்கு முன்னாடி அவரு ஒருநாள் சொன்னாரு, என் ட்ரான்ஸ்ஃபார்மர் பழசாயிடுச்சுடா, நீதான் கடை இருக்கற ஊர்ல இருக்க, கீழ் அலைக்கு நல்லதா ஒரு கோர் பாத்து அனுப்புன்னு. அனுப்பினேன். அவரே சுத்தினாரு. எங்கண்ணன் சுத்தினா பாக்கணும் சார், ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் இடைவெளி நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். நான் சுத்தினா தூங்கி எந்திரிச்ச தலை மாதிரி இருக்கும். அழகா சுத்தி, டப்பாவுல போட்டு மூடி, மாடியில மாட்டிட்டு, சாயங்காலம் ரேடியோவைப் போட்டாரு. குரலு கிணத்துக்குள்ள இருந்து வருது! முதல்ல கொஞ்சம் வந்துச்சு, பேசப் பேசத் தேஞ்சு போச்சு. கோர் சூடாகுதுன்னு எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. யாருக்கும் ஒண்ணும் புரியல, அவரு கூப்பிடறது ஒருத்தருக்கும் கேக்கல, ஆளுக்கு ஆளு ஒரே நேரத்துல பேசறாங்க, ஒரே குழப்பம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம்தான். ஆனா தெரிஞ்ச விஷயத்தைச் சொல்லாம எப்படி இருக்கறது? அண்ணே, நான் அனுப்பினதை விட்டுட்டு நீ வேற ஏதோ தப்பான சரக்குல சுத்தியிருக்க, அது மேல் அலைக் கோருன்னு சொன்னேன். அதோட நிறுத்தினேனா? அந்தக் கோரைக் கழட்டி வாசக் கதவு சாத்தாம இருக்க முட்டுக் குடுன்னேன். இத்தனை வருஷமா இதே வேலையா இருக்க, கோர் பாத்து எடுக்கத் தெரியலன்னா ஊரைக் கூட்டி நடத்தறது எதுக்குண்ணேன்னேன். அந்த பல் டாக்டர் சிரிச்சுட்டாரு. அவரு சிரிச்சதும் எனக்கு இன்னும் ஒண்ணு தோணுச்சு, அதையும் சொன்னேன். அது வேணாம் இப்ப. வாய் இருக்கே சார், அது ஒரு தனி ஆளு.

எங்கண்ணன் முழுசாக் கேட்டாரு. சரிப்பான்னாரு. எனக்கு அது கேக்கறதுக்குள்ளயே தேஞ்சு போச்சு. எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, முறையா முடிச்சு, அணைச்சுட்டாரு. அதுக்கப்புறம் வரவே இல்ல.

நானும் முதல்ல என் பக்கம்தான் கோளாறுன்னு நெனச்சேன். என் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பிரிச்சு வேற பழைய கோர் ஒண்ணுல சுத்தினேன். வரல. கம்பியை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டினேன். வரல. என்னது? மத்தவங்களா? மத்தவங்க வர்றாங்களே! நல்லா வர்றாங்க. பல் டாக்டரு பக்கத்து ரூம்ல பேசற மாதிரி வர்றாரு. எங்கண்ணன் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒருத்தரு இருக்காரு, அவரும் வர்றாரு. இவரு ஒருத்தருதான் வரல. அப்படிப் பாக்காதீங்க சார். கோர்ல சில சமயம் அப்படியும் இருக்கும்.

அண்ணி வீட்டுக்காரிகிட்ட போன்ல சொல்லியிருக்காங்க. அவரு ரேடியோ மேல துண்டைப் போட்டு மூடி வெச்சிருக்காராம். சாயங்காலம் ஆனா மாடியில போய் நிக்கறாராம், கம்பியைப் பாத்துக்கிட்டு. கீழ வந்து சாப்பிட்டுத் தூங்கிடறாராம். இதை எதுக்கு என்கிட்ட சொல்றன்னு வீட்டுக்காரிகிட்ட கேட்டேன். சும்மா சொன்னேன்னா. அவ எதையும் சும்மா சொல்லமாட்டா.

நடத்தறதுக்கு ஆளில்லன்னு இப்ப கூட்டமும் கலையற மாதிரி இருக்கு. நான் நடத்திப் பாத்தேன். என்னால ஆகல. யாரு முதல்ல, யாரு அடுத்ததுன்னு எனக்கே குழம்பிடுது. கணக்கு டீச்சரம்மா நேரா கேட்டுட்டாங்க, உங்கண்ணன் எப்ப வருவாருன்னு. கோர் பிரச்சினை, சரியானதும் வந்துடுவாருன்னேன். ஓஹோன்னாங்க. அந்த ஓஹோ இருக்கே, அதை மார்க்கு போட்டுக் குடுத்த மாதிரி சொன்னாங்க.

போன வாரம் மேசையைச் சுத்தம் பண்ணேன் சார். சும்மாதான். மீதி இருந்த கோரை எடுத்தேன். ஒரு வகையில ஒண்ணு இருக்கணும், இன்னொரு வகையில ரெண்டு இருக்கணும். கீழ் அலையில ஒண்ணு அண்ணனுக்குப் போச்சு, அதனால இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ரெண்டு. கணக்கு சரி. எதுக்கும் இருக்கட்டும்னு மீட்டரை வெச்சுப் பாத்தேன். அதான் ஒரே வழி. மீட்டரோட ரெண்டு கம்பி முனையையும் கோர் மேல வெச்சா, மாங்கனீஸ்னா கொஞ்சமா கரெண்டை விடும், நம்பர் காட்டும். நிக்கல்னா சுத்தமா விடாது. இடது பக்கம் இருந்ததுல வெச்சேன். ஒண்ணும் காட்டல. மீட்டர்ல பேட்டரி போச்சுன்னு நெனச்சு வேற பேட்டரி போட்டேன். ஒண்ணும் காட்டல. வலது பக்கம் இருந்ததுல வெச்சேன், ரெண்டும் காட்டுது.

அப்புறம்தான் உறைச்சுது. நான் கோரை வெச்சப்போ சுவர்ப் பக்கம் நின்னு வெச்சேன் சார். அனுப்பறதுக்கு எடுத்தப்போ ஜன்னல் பக்கம் நின்னு எடுத்தேன், சுத்தம் பண்ணப்பவும் அங்கதான் நின்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் போனா இடது எது, வலது எது?

ஆமா. நான்தான். அவருக்கு நான் அனுப்பினது மேல் அலைக் கோரு.

அதைச் சொல்றேன்னுதான் அன்னிக்கே போனை எடுத்தேன். எடுத்தேன், வெச்சுட்டேன். இவ்வளவு பேரு கேக்க அப்படிப் பேசிட்டு, இப்ப தனியாக் கூப்பிட்டு அண்ணே அது நான் அனுப்பினதுதான்னா, அது எப்படி இருக்கும்? சிரிப்பாரா? சிரிக்க மாட்டாரு சார். சரிப்பான்னுதான் சொல்லுவாரு. அதை இன்னொரு தடவ என்னால கேக்க முடியாது.

அதனால ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். யாருக்கும் மனசு நோகாம. சும்மா பாக்க வந்தேன்னு போறேன். மத்தியானம் சாப்பிட்டு அவரு கொஞ்சம் படுப்பாரு, எப்பவும் படுப்பாரு. நான் மாடிக்குப் போய், டப்பாவைத் திறந்து, அவரு சுத்தின கம்பியவே பிரிச்சு, இந்த நல்ல கோர்ல அப்படியே சுத்தி மாட்டிடறேன். அதனாலதான் கம்பி சுத்தாம மொட்டைக் கோரா எடுத்துட்டுப் போறேன். என் சுத்தை அவரு பாத்தா ஒரு நொடியில கண்டுபிடிச்சுடுவாரு, அவரு கம்பின்னா அவரு வளைச்ச வளைவுலயே போய் உக்காந்துடும். முடிச்சுட்டுக் கீழ வந்து, அண்ணே, ரேடியோவை ஒரு தடவ போட்டுப் பாரேன், சீதோஷ்ணம் நல்லாருக்குன்னு சொல்லுவேன். போடுவாரு. குரலு கணீர்னு போகும். அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். கோர் எப்படிச் சரியாச்சுன்னு கேட்டா, சில கோரு பழகப் பழகத்தான் சரியாகும்னு சொல்லிடலாம். அப்படியெல்லாம் ஆகாது, அவருக்கும் தெரியும். ஆனா சொல்லிப் பாக்கலாம்ல? மேல் அலைக் கோர் ஒண்ணையும் எடுத்துட்டு வந்திருக்கேன். கையை வீசிக்கிட்டுப் போகக் கூடாதுல்ல, அவரு வேற எதுக்காவது வெச்சுக்கட்டும்.

என்ன சார்? மெதுவா கேட்டீங்க, சரியா காதுல விழல. அண்ணன் அளந்து பாக்கலையான்னா?

…நல்லாக் கேட்டீங்க.

எங்கண்ணன் எதையும் அளக்காமத் தொடமாட்டாரு சார். கடைக்காரன் குடுத்தா அளப்பாரு. புதுசா டப்பா பிரிச்சா அளப்பாரு. பேட்டரியை வாங்கிட்டு வந்து அங்கயே வாசல்ல நின்னு அளப்பாரு, அண்ணி திட்டுவாங்க. வீட்டுல மூணு மீட்டர் வெச்சிருக்காரு. ஒரு மீட்டரை இன்னொரு மீட்டரால அளப்பாரு. நான் அனுப்பினதை மட்டும் அளக்க மாட்டாரு. எப்பவும் அளந்ததில்ல. தம்பி அனுப்பினதுன்னு எடுத்து அப்படியே சுத்திடுவாரு.

கண்ணுல புழுதி சார். அப்பவே சொன்னேன், ஜன்னலைச் சாத்தலாம்னு.

அது கெடக்கட்டும். நீங்க நம்பலைல்ல, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்னு? இவன் என்னமோ சாக்கு சொல்றான்னு நெனைக்கறீங்க. முகத்துலயே தெரியுது. இருங்க, எடுக்கறேன். பாருங்க. இந்தாங்க, ரெண்டு கையையும் நீட்டுங்க. பயப்படாதீங்க, கடிக்காது. இந்தக் கையில கீழ் அலை. இந்தக் கையில மேல் அலை. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க, புள்ளி இருக்கா? கீறல் இருக்கா? எடையில வித்தியாசம் தெரியுதா? தெரியாது. இப்ப நான் கண்ணை மூடிக்கறேன். நீங்க ரெண்டையும் மாத்தி மாத்தி வையுங்க. மெதுவா சார், மோதினா ஒடஞ்சுடும். இன்னும் மாத்துங்க. நல்லா மாத்துங்க. ஆச்சா? கண்ணைத் திறக்கறேன். இப்பச் சொல்லுங்க, எது கீழ் அலைக் கோரு? தெரியலல்ல? அதான் சார் நான் அப்போ இருந்து தொண்டை கிழியச் சொல்லிக்கிட்டு வர்றேன்! மனுஷனுக்குத் தப்பு வராம என்ன பண்ணும்? உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரிய…

இருங்க.

இருங்க சார், அசையாதீங்க. அப்படியே பிடிச்சுக்கங்க. இந்தக் கையில இருக்கறது முதல்ல எந்தக் கையில இருந்துச்சு? எத்தனை தடவ மாத்தினீங்க? எண்ணலையா? ஏன் சார் எண்ணல? இல்ல, உங்களைச் சொல்லல, மாத்துங்கன்னு சொன்னது நான்தான்… ஒரு தடவ தட்டிப் பாக்கறேன். ம். இது கொஞ்சம் கணீர்னு… இதுவும் அப்படித்தான் இருக்கு. வெளிச்சத்துல காட்டுங்க. சாம்பல். அதுவும் சாம்பல்.

மீட்டரா? மீட்டர் வீட்டுல இருக்கு. வேணும்னேதான் வெச்சுட்டு வந்தேன். மீட்டரும் கையுமா போய் நின்னுக்கிட்டு சும்மா பாக்க வந்தேன்னா நம்புவாரா?

என்ன, ரெண்டையும் என் மடியில வெச்சுட்டு எந்திரிச்சுட்டீங்க? உங்க ஸ்டாப்பு வந்துடுச்சா? இன்னும் வரலியே சார், அது அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம்ல. ஓ, முன்னாடியே போய் நின்னுக்கறீங்களா? சரி, சரி. பத்திரமா இறங்குங்க. ஒரே ஒரு நிமிஷம், கடைசியா எந்தக் கையில… காதுல மாட்டிட்டாரு.

ரெண்டுல ஒண்ணுதான். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. எதையோ ஒண்ணை எடுத்துச் சுத்தி மாட்டிடலாம். மாட்டி, அவரு துண்டை எடுத்து, ரேடியோவைப் போட்டு, எல்லாரையும் பேரு சொல்லிக் கூப்பிட்டு, மறுபடியும் குரலு தேஞ்சு போச்சுன்னா? பல் டாக்டரு வேற கேட்டுக்கிட்டு இருப்பாரு. இல்ல, அது கூடாது. அவரை இன்னொரு தடவ அப்படி உக்கார வெக்கக் கூடாது.

அவரு மீட்டர்லதான் அளக்கணும். அவரைத்தான் கேக்கணும்.

இறங்கறேன் இறங்கறேன் கண்டக்டரே, கத்தாதீங்க, காதுல விழுது. பையில ஒடையற சாமான் இருக்குல்ல, மெதுவாத்தான் இறங்க முடியும். விசிலை அடிச்சுடாதீங்க. உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டாங்க? இல்ல, சும்மா கேட்டேன். இது ரெண்டையும் எங்கண்ணன் கையில குடுத்து, அண்ணே, அளந்து பாத்துட்டு எடுத்துக்கன்னு சொல்லணும். எதுக்குடா அளக்கணும், நீ கொண்டு வந்ததுதானேன்னு கேப்பாருங்க. கண்டிப்பா அதைத்தான் கேப்பாரு. அப்ப நான் சொல்லித்தான் ஆகணும்.